கேரியரில் அம்மா

அரசாங்கப் பணத்தில் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக மின்சாரச் சைக்கிள்கள் வந்தன. ஒருவர் மட்டுமே ஏறலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் முழங்கால் வலியால் அம்மா, தான் பிறந்த தோட்டத்து மாதா கோயிலைப் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. திருவிழாவன்று, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கால் அவரைக் கேரியரோடு கட்டிக் கிளம்பினேன்.

இறக்கத்தில் பனிமூட்டம். இருவர் பாரத்துக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துக்குப் பயந்து தேயிலைச் செடிகளுக்குள் திருப்பினேன். செடிகள் தாங்கிக்கொண்டன.

"நல்லா ஓட்டப் படிச்சடா நீ! மொதல்ல கட்ட அவுத்துவிடு," என்று அம்மா சிரித்தார். கீழே கோயில் மணி கேட்டதும் சிரிப்பு நின்றது. "வேணாம்பா, இன்னும் எறக்கம் கெடக்கு. திரும்பிருவோம்."

இப்போது யாரையும் ஏற்றுவதில்லை. சைக்கிள் கொடுத்தவர்களுக்கு, பின்னிருக்கை உள்ள வண்டி கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை கோயிலுக்குத் தனியாகத்தான் போகிறேன். திரும்பியதும் அம்மா கேட்பார்: "கதவுக்கு இன்னும் நீலப் பெயிண்டுதானா?"