அம்மாவின் சோற்றில் உப்பு

போன வருடம் ஆடி மாதம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்தவள் நான். ரேஷன் கார்டு முதல் மருந்துச் சீட்டு வரை நான் படித்துச் சொன்னால்தான் வீட்டில் செல்லுபடியாகும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அம்மாவுக்கு மூன்று வருடமாக ரத்தக்கொதிப்பு. திடீரென்று நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. நான் உப்பு ஜாடியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"இந்தச் சோத்த மாட்டுக்கு வெச்சா அதுகூட மொறைக்கும் அம்மிணி" என்பாள் அம்மா.

பாலக்காட்டில் ஸ்கேன் எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் எலுமிச்சை அளவு கட்டி. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் போட்டே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதற்கு முன் இரண்டு வாரம் புது மாத்திரை, நிறையத் தண்ணீர், சோற்றில் நல்ல உப்பு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொதிப்புக்காரிக்கு உப்பா? படித்தவள் இதைப் போய்க் கேட்பதா என்ற கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போனில் தேடினால், எல்லா இடத்திலும் உப்பைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தது. டாக்டரம்மா அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நானே முடிவு செய்து, மாத்திரையை மட்டும் கொடுத்தேன்.

"டாக்டரம்மா உப்பு போடச் சொன்னாங்கல்ல கண்ணு?"

"உனக்கென்னம்மா தெரியும்?"

அட்மிட் ஆகப் போன அன்று, பாலக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றதுமே அம்மா கண் சொருகிச் சாய்ந்துவிட்டாள். கை ஜில்லென்றிருந்தது. யாரோ ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள்.

"நோக்கு மோளே, இங்க பாரு" என்றார் டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில் அம்மாவைப் படுக்க வைத்த பிறகு. "அந்தக் கட்டி இத்தனை நாளா ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சிருந்தது. மாத்திரை அதைத் தளர்த்திடுச்சு. தளர்ந்த குழாயை நிறைக்கத்தான் உப்பும் தண்ணியும். எல்லாக் கொதிப்புக்கும் இல்ல, இந்தக் கட்டிக்கு. இந்த நிலைமையில ஆபரேஷன் செஞ்சிருந்தா உயிருக்கே ஆபத்து. உப்பு கொடுத்தியா இல்லையா?"



"நாந்தானுங்க வேண்டாமுன்னு அடம் புடிச்சேன்" என்றாள் அம்மா, படுத்தபடியே. "புள்ள தெனமும் போடத்தான் வந்துச்சு."

ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது. வீட்டுக்குத் திரும்பியதும் ஜாடியை எடுத்து அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். பிறகு நான்கே துளைகள். மறுநாளே எழுந்து நடந்தாள். கொதிப்பு மாத்திரைகளும் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பொய்யைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உப்பு விஷயம் எனக்கு இப்போது புரிகிறது. நான் செய்த தவறால் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தவள், அந்த நேரத்திலும் என் மானத்தை ஏன் காப்பாற்றினாள் என்பதுதான் இன்னும் புரியவில்லை. 'உனக்கென்னம்மா தெரியும்' என்று மட்டும் அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை.