சுழி இல்லாமல் வந்த கடிதம்

அடியார்களே, நான் பிள்ளையாரோடு கோபித்துக்கொண்டு அவருடைய படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008 ஐப்பசியில் வந்ததுதான் தம்பி ரவியின் கடைசிக் கடிதம். வன்னியில் போர்முனையில் நின்றவன். கொப்பித் தாளில், உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, "அக்கா, நான் சுகம். பதுங்குகுழிக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி" என்று எழுதியிருந்தான். அதன் பிறகு ஒன்றுமில்லை. எனக்கு வேறு கூடப்பிறப்பு இல்லை. அம்மா அப்பாவும் போய்விட்டார்கள். 2009 வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். கடல் கடந்து வந்து, கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் சின்ன பிளாட்டில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். வேலைக்குப் போனால் தட்டுக் கழுவிக்கொண்டே அழுவேன். வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "பிள்ளையாரப்பா, அவன்ர கையெழுத்தை ஒருக்காக் கண்ணில காட்டு."

ஆவணியில் வவுனியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தேன். முன்பின் தெரியாத கையெழுத்து. உச்சியில் சுழி இல்லை. எங்கள் சனம் இழவுச் செய்தி எழுதும்போதுதான் சுழி போடுவதில்லை. அந்த இடத்தில் ஒரு சிறிய சிலுவை இருந்தது. அதற்கு மேல் ஒரு வரியும் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? தாளை மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகி, படத்தையும் திருப்பிவிட்டேன்.

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும், "தம்பி போயிட்டான்" என்றேன். மூன்று நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சனம் சாப்பாடு கொண்டுவந்தது. எனக்கும் சாவு வரட்டும் என்றுதான் கிடந்தேன்.

நாலாம் நாள் அவர் அந்தியேட்டிக்கு, அதுதான் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நாள் குறிக்கக் கோயில் ஐயரிடம் போனார். செத்த திதி தெரியாமல் குறிக்க முடியாது என்று ஐயர் சொல்லிவிட, வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

"இஞ்சரும், அந்தக் கடிதத்தைத் தாரும். திகதி எழுதியிருப்பினம்."

"படத்துக்குப் பின்னால கிடக்கு. எனக்கு வாசிச்சுக் காட்டாதேங்கோ."

நின்றபடியே படித்தவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது தம்பி சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரியில ஒரு கன்னியாஸ்திரி எழுதினது. அவன் உயிரோட இருக்கிறான்."

"பொய் சொல்லாதேங்கோ. உயிரோட இருந்தா ஏன் தன்ர கையால எழுதேல்லை?"

அவர் தாளை நீட்டினார். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்களாம்.

அவன் உயிரைக் கேட்காமல் கையெழுத்தைக் கேட்டவள் நான். அந்த நினைப்பு இன்றைக்கும் நெஞ்சைக் குத்துகிறது.

தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தின் அடியில், சிறுபிள்ளை கிறுக்கியது போலக் கோணல்மாணலாக ஒரு பிள்ளையார் சுழி. இடது கையால் அவனே போட்டது. கேட்டதைப் பிள்ளையார் காட்டிவிட்டார். கேட்காததையும் தந்துவிட்டார். நான்தான் அதைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்திருக்கிறேன். படத்தை நேரே திருப்பி, விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டேன்.

படையினரின் காவலில் இருக்கும் தம்பியை இன்னும் வெளியே விடவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு இப்படி ஒரு தாள்கூட வரவில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை, கூட இருந்து அழ மட்டுமே முடியும். ஆனால் கடிதம் வந்தும் பிரிக்கப் பயந்து வைத்திருப்பவர்கள் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். பிள்ளையாரை நம்பி இரண்டு பேரும் சேர்ந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்போம்.

தம்பியின் கடிதம் இப்போது மாதம் ஒன்று வருகிறது. உச்சியில் கன்னியாஸ்திரியின் சிலுவை, அடியில் அவனுடைய சுழி. ஒவ்வொரு மாதமும் அது கொஞ்சம் நேராகி வருகிறது.