வடையோடு கேட்ட மன்னிப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடம் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். வேலை தந்த இடத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

இங்கிலாந்தில், மிச்சம் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு வெள்ளைக்கார முதியவர் என் கையால் சாப்பாடு வாங்க மாட்டார். "இந்த நிறத்துக் கை வேண்டாம்" என்பார். மனேஜரும் வெள்ளைக்காரப் பெண்தான், நல்ல மனுசி. சச்சரவு வேண்டாமென்று ஒவ்வொரு முறையும் என்னை உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அனுப்பிவிடுவார். இரண்டு வருடம் பேசாமல் போனேன்.

ஒருநாள் தாங்க முடியாமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். "அவர் சொல்வதைவிட நீங்கள் என்னை அனுப்புவதுதான் எனக்கு நோகிறது."

மனேஜரின் முகம் சிவந்தது. "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, "யோசிக்க வேண்டும்" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

வீட்டில் இவர், "உமக்கென்ன விசரே? மனேஜரோட சண்டை கொளுவிப்போட்டு வந்து நிக்கிறீர்" என்றார்.

"இஞ்சருங்கோ, நான் கொளுவேல்லை. உள்ளதைத்தான் சொன்னனான்."

"ஓம், இனி வீட்டில இருந்து தேவாரம் படியும்."

நம்மவர்களுக்கு மனத்தாங்கல் என்றால் சாப்பாடு கொண்டுபோகத்தானே தெரியும். அன்றே உழுந்து ஊறப்போட்டேன். விடிய எழும்பி வடை சுட்டுக் கொண்டுபோய், "நேற்றுச் சொன்னதை மறந்துவிடுங்கள், பிழை என்னில்தான்" என்று நீட்டினேன்.

மனேஜர் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். "மறக்க மாட்டேன். பிழை என்னுடையது. என் முகம் சிவந்ததற்காக நீ என்னைத் தேற்ற வேண்டாம்" என்றார். அழவில்லை. தான் நல்லவள் என்று என்னைச் சொல்லவைக்கவும் பார்க்கவில்லை. காலைச் சாப்பாட்டுத் தட்டை என்னிடம் தந்து, கூடவே வந்தார்.

"இனி இவர்தான் தருவார். ஆளை மாற்ற மாட்டேன்" என்று முதியவரிடம் சொன்னார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். கடைசியில், "டோஸ்ட் ஆறிவிட்டது" என்று முணுமுணுத்துத் தட்டை வாங்கினார்.

அவர் மனம் மாறியதா, தெரியாது. அதன்பிறகு மனேஜர் யாருக்காகவும் என்னை ஒதுக்கி அனுப்பவில்லை. அன்று பஸ்ஸில் மனம் இலேசாகி, இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். மனேஜரைத் தெய்வமாக்க வேண்டாம், என்னைத் துணிச்சல்காரியாக்கவும் வேண்டாம். கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.