ஜூன் மாதத்துக் கொம்பு

"உன் பக்கந்தான். குளத்துல நிக்குது," என்றாள் டார்லீன்.

"என்னது?"

"மூஸ் மான். கிடா. முழங்கால் மட்டும் தண்ணியில."

வண்டியின் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினாள். குளத்தில் ஒன்றும் இல்லை. கரையில் பழைய தீயில் கருகிய ஊசியிலை மரங்கள், தண்ணீரில் அவற்றின் தலைகீழ் உருவங்கள், அவ்வளவுதான். ஒரு வாத்துகூட இல்லை.

ஒரெஸ்ட் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அவர் விரல் தானாக எழுந்து, குளத்தை விட்டுத் தள்ளி எங்கோ நீண்டது. குளத்துக்கு நேராகப் பார்க்காமல் முகத்தைச் சற்றுத் திருப்பி, வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பவர்போல் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அப்படித்தான். நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று நிற்கும். பார்க்க வேண்டியதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் ஓரத்தில் ஏதாவது தட்டுப்படும். நிறம் தெரியும், அசைவு தெரியும். உருவம் பிடிபடாது.

"கொம்பு இருக்கா?"

"இல்லாம? நம்ம சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு இருக்கு."

"அடேயப்பா."

"தலையத் தூக்குது இப்ப. வாயில பாசி தொங்குது. தண்ணி சொட்டுது."

"நம்மளப் பாக்குதா?"

"பாக்குது."

"என்ன நினைக்குதாம்?"

"கிழவன் ஒருத்தன் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கானே, ஈ போயிடுமேன்னு நினைக்குது."

ஒரெஸ்ட் சிரித்தார். தொப்பியைக் கழற்றி, வெறும் குளத்தைப் பார்த்து ஒருமுறை ஆட்டினார். டார்லீன் சாலையைப் பார்த்துக்கொண்டாள்.

பொய் சொல்லிப் பழகியவள் அல்ல அவள். சஸ்காட்சுவானில் கனோரா பக்கத்துப் பண்ணையில் பிறந்து, அந்த ஊர் ஆஸ்பத்திரியின் சமையலறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உப்பில்லாத சூப்பை நோயாளிக்குக் கொடுக்கும்போது, "இது நல்லா இருக்காது, ஆனா குடிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்லித்தான் கொடுப்பாள். ஒரெஸ்ட் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். கோதுமை லாரிகள் ஓய்ந்து இலையுதிர் காலம் வந்தால் இருவரும் வடக்கே காட்டுக்கு மூஸ் வேட்டைக்குப் போவார்கள். துப்பாக்கி அவருடையது. பிளாஸ்க்கும் ரொட்டியும் அவளுடையவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு மிருகத்தையும் அவள் முதலில் பார்த்ததில்லை. அவர் பேசமாட்டார். விரலை நீட்டுவார். அந்த விரல் நுனியில் தொடங்கி, புதரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி அவள் பார்வை போகும். அங்கே அது நிற்கும். அவள் வாழ்நாளில் பார்த்த மிருகங்கள் எல்லாமே அந்த விரலில் தொடங்கியவை.

அலாஸ்கா சாலையில் ஒருமுறை கடைசிவரை போய்வர வேண்டும் என்பது அவர்களுடைய பழைய பேச்சு. முதலில் மகள் சின்னவள். பிறகு டார்லீனின் அம்மாவுக்கு நினைவு தப்பியது. பிறகு ஒரெஸ்டுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்து, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஒரு பழைய மோட்டார்ஹோமை வாங்கி வாசலில் நிறுத்தியபோது கண் மருத்துவர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

வண்டி ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் நின்றது. வித்துவிடலாம் என்று அவர் சொன்னார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஐஸ் ஹாக்கி மைதானத்தின் வாகனத் திடலில் அந்தப் பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகினாள். ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்தாள். ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படித்தான் வந்திருந்தார்கள். பார்க்கத் தெரிந்தவருக்குக் கண் இல்லை. கண் இருப்பவள் சாலையைப் பார்த்தாக வேண்டும்.

அலாஸ்கா சாலையில் ஏறிய முதல் நாள் காலையில் ஒரு நரி கிடைத்தது. நிஜ நரி. வாயில் ஓர் அணிலைக் கவ்விக்கொண்டு சாலை ஓரமாகவே ஓடி வந்தது. அவள் சொல்லச்சொல்ல அவர் தொடையில் தட்டிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மரம், மரம், எண்ணெய்க் குழாய், மறுபடி மரம். அவர் முகத்தைத் திருப்பியபடியே உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்துக்கு ஒருதடவை, "ஒண்ணும் இல்லையா?" என்பார். "இல்ல" என்பாள். "சரி, வரும்" என்பார். மறுநாள் மதியம் அவர் அப்படிக் கேட்டபோது இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "லிங்க்ஸ் பூனை! இப்பத்தான் ரோட்டத் தாண்டுச்சு" என்றாள். அவர் முகம் விரிந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மரத்தில் ஏறும் கரடிக்குட்டி ஒன்று. இன்றைக்கு, மலை உச்சிச் சாலையோரம் உப்பை நக்கிக்கொண்டு நின்ற காட்டு ஆடுகள் மட்டும் நிஜம். அதன்பின் இந்த மூஸ்.

மாலையில் லியார்ட் வெந்நீர் ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். வடக்கத்து ஜூன் மாதம், சூரியன் இறங்குவதாக இல்லை. கந்தக வாடை அடித்தது. தண்ணீருக்குள் கழுத்துவரை மூழ்கிய தலைகள் ஆவிக்கு நடுவே மிதந்தன. அந்த ஊற்றில் யாரும் பேர் கேட்க மாட்டார்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறாய், என்ன பார்த்தாய், இவ்வளவுதான் கேட்பார்கள். வடக்கிலிருந்து வருபவன் வடக்கே போகிறவனுக்குச் சொல்ல வேண்டும், தெற்கிலிருந்து வருபவன் தெற்கே போகிறவனுக்கு.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார் எதிரே பாறையில் சாய்ந்திருந்தவர். ஃபோர்ட் நெல்சன்காரர். இதே சாலையில் ஆயுள் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவராம். பெயர் ஹார்வி என்று பக்கத்தில் இருந்த மனைவி ஜோனி கூப்பிட்டதில் தெரிந்தது.

"தெற்கேருந்து. இன்னிக்கு மூஸ் பாத்தோம்," என்றார் ஒரெஸ்ட்.

டார்லீன் தண்ணீரைக் கையால் தள்ளினாள். "அது ஒண்ணும் பெருசில்ல. அந்த ஆடுங்களச் சொல்லு."

"ஆடு எல்லாரும் பாக்குறதுதான். சும்மா இரு." ஒரெஸ்ட் ஹார்வியின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "டோட் ஆறு தாண்டினதும் வலது கைப்பக்கம் ஒரு கருகின காடு வரும்ல, அங்க குளத்துல. தண்ணி சொட்டச்சொட்ட தலையத் தூக்கி எங்களையே பாக்குது. வாயில பாசி. கொம்பு பாருங்க," இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே எடுத்து அகல விரித்தார், "இவ்வளவு. நான் வேட்டைக்காரன். என் வாழ்நாள்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

பாறையில் சாய்ந்திருந்த ஹார்வி நிமிர்ந்தார்.

"இந்த மாசத்துலயா?" என்றார் ஹார்வி.

"இன்னிக்கு மத்தியானம்."

"இல்ல பெரியவரே. கொம்பு குளிர்காலத்துலயே விழுந்துடும்ல. இப்பத்தானே முளைச்சு வரும். மிஞ்சிப்போனா அகப்பை அளவு இருக்கும், ரோமம் போத்திக்கிட்டு."

"போன வருசத்துக் கொம்பப் பசை போட்டு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், விடுங்க," என்றாள் ஜோனி. "டூரிஸ்ட் சீசனாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். பகையில்லாத சிரிப்புதான்.

டார்லீனுக்குக் காது சூடானது. அவள் பார்த்த மூஸ் எல்லாம் இலையுதிர் காலத்து மூஸ். கொம்பில்லாத கிடாவை அவள் மனம் அறியாது. ஆனால் அவர் அறிவார். பனி உருகும் காலத்தில் காட்டுக்குள் நடந்து, விழுந்து கிடக்கும் கொம்புகளைத் தோளில் தூக்கி வருகிறவர் அவர். கேட்டபோது அவருக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்கிறார்.

விரித்த கைகள் அப்படியே நின்றன. பிறகு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கின.

"நான்தான் கொஞ்சம் நீட்டிட்டேன்," என்றார் ஒரெஸ்ட். "மீன் பிடிக்கிறவன் கை மாதிரி. கதை சொல்லும்போது தானா நீளுது."

"அதானே!" என்றார் ஹார்வி. "எங்க அப்பா பிடிச்ச மீனெல்லாம் சேத்து அளந்தா இங்கேருந்து அலாஸ்கா வந்துடும்."

டார்லீன் தண்ணீருக்கடியில் அவர் கையைத் தேடினாள். இரண்டு கைகளையும் கோத்து முழங்காலைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

திரும்பும்போது அவள் முழங்கையை நீட்டினாள். அவர் பலகைப் பாதையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடி தடவி நடந்தார். பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார். அவள் முன்னே போகவும் முடியாமல் பின்னே நிற்கவும் முடியாமல் கூடவே போனாள்.

வண்டிக்குள் வந்து, ஊரிலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்த, சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலைப் பொதிகளை அடுப்பில் சூடு பண்ணினாள். தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் முள்கரண்டியை எடுக்கவில்லை.

"அது இருந்ததா?"

"குளம் இருந்துச்சு."

"நான் குளத்தக் கேக்கல."

"இல்ல," என்றாள்.

வெளியே யாரோ நாற்காலியை மடக்கும் சத்தம். கொசு ஒன்று வலைக் கதவில் மோதிக்கொண்டிருந்தது.

"நேத்து லிங்க்ஸ்?"

"இல்ல."

"கரடிக்குட்டி? மரத்துல பாதி ஏறி வழுக்கி விழுந்துச்சுன்னியே."

"இல்ல."

அடுத்தது நரிதான். அவர் நரியைக் கேட்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். ஆடுகளையாவது கேட்க வேண்டும். அவர் முள்கரண்டியை எடுத்து ஒரு பொதியை இரண்டாக வெட்டினார்.

"நரி நிஜம்," என்றாள். "ஆடும் நிஜம். சத்தியமா."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கலன்னுதான் சொல்றேன்."

"இனிமே என்ன சொன்னாலும் ஒண்ணுதான், டார்லி."

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியே. ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் இல்லையான்னு. எத்தனை தடவ இல்லன்னு சொல்றது?"

"எத்தனை தடவ கேட்டாலும் சொல்லு. எத்தனை வருசம் வெறுங்கையோட வீட்டுக்கு வந்திருக்கோம்? ஒரு நாள் அழுதிருக்கேனா? வெறும் மரம்னா வெறும் மரம்னு சொல்லு. வெறும் மரத்தப் பாக்கவும்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. உனக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது நான் உன் விரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை நீ எனக்கு முன்னால் பார்த்துவிடமாட்டாயா என்று. மூஸ் நிற்கிறது என்று நான் சொன்னதும் உன் கை தானாக எழுந்து நீண்டது. தப்பான பக்கம் நீண்டது. ஆனாலும் நீண்டது. அதற்காகத்தான்.

இதைச் சொல்லும் பழக்கம் அவர்களுக்குள் இருந்ததில்லை.

"ஆறிடும், சாப்பிடு," என்றாள்.

அவர் சாப்பிட்டார். "உப்புக் கம்மி," என்றார்.

"கம்மிதான். டாக்டர் சொல்லியிருக்காரு."

"அது நிஜமா?"

அவள் தட்டை எடுத்துக் கழுவினாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட பிறகும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அவளைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினாரா, கண்ணின் ஓரத்தில் அவளைப் பார்ப்பதற்காகத்தான் அப்படித் திரும்பினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மழை. காலையில் காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஹார்வியின் வண்டி முன்னாலேயே போயிருந்தது. ஆற்றை ஒட்டிச் சாலை மேற்கே திரும்பியது. அவர் ஜன்னலை ஏற்றியே வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. டார்லீன் அவ்வப்போது, "மரம்" என்றாள். ஒருமுறை, "லாரி வருது" என்றாள். நிலக்கரி ஆறு என்ற இடத்துக்கு முன்னால், வலதுபக்கச் சரிவில் ஒரு கருங்கரடி இரண்டு குட்டிகளோடு மஞ்சள் பூக்களைத் தின்றுகொண்டிருந்தது. "கரடி. உன் பக்கம். ரெண்டு குட்டி," என்றாள். "சரி," என்றார். கை மடியிலேயே இருந்தது. அவள் வண்டியை நிறுத்தினாள். துடைப்பான் கண்ணாடியில் போய்வந்துகொண்டிருந்தது. கரடிகள் மேலே ஏறி மரங்களுக்குள் போகும்வரை இருந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

மதியம் வாட்சன் ஏரி ஊருக்கு வந்தார்கள். பெட்ரோல் நிரப்பினாள். முன்கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளைச் சுரண்டினாள். மகள் போன் செய்தாள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஒரெஸ்ட் போனை டார்லீனிடம் நீட்டினார். கரடி ஒன்று, குட்டிகளோடு, என்றாள் டார்லீன். பிறகு கடைக்குப் போய் முட்டையும் உருளைக்கிழங்கும் வாங்கினார்கள். ஏரிக்கரை முகாமில் இடம் கிடைத்தது. மழை விடவில்லை.