எல்லாம் பார்த்தோம், தண்ணீரைப் பார்க்கவில்லை

கப்பல் வராத துறைமுகத்தில் திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் வேலை அதிகம். கான்ட்ராக்டில் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு என் கவலையை விளக்க வேண்டியதில்லை. ஈப்போவில் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மகளுக்கு இப்போதுதான் நடை பழக்கம். ஒரு கப்பல் கம்பெனியாவது சரி சொன்னால்தான் எங்கள் திட்டப் பிரிவு நிற்கும், நானும் நிற்பேன்.

கட்டைக்கு உரியவர்

முதல் வாரம் துறைமுகத்தைப் படம் எடுக்கப் போனேன். கப்பலின் கயிறு கட்டும் இரும்புக் கட்டை ஒவ்வொன்றிலும் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். "அங்கிள், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? திட்டத்துக்குப் படம் எடுக்கணும்" என்றேன் ஒருவரிடம். பக்கத்து ஊரான ஆயர் தாவாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவராம். அசையவே இல்லை.

"கப்பல் வந்தா எந்திரிக்கிறேன்லா. அதுவரைக்கும் யாராச்சும் உக்காரணும்தானே?"

நல்ல நேரம்

கடைசியில் ஒரு கம்பெனி பார்வையிட வரச் சம்மதித்தது. நாள் குறிக்கக் கூடினோம். வெள்ளிக்கிழமை தொழுகை இருக்கிறது, வேண்டாம் என்றார் மேலாளர் என்சிக் கமால். சீனர்களின் பேய் மாதத்தில் புதுத் தொழில் பேசவே கூடாது என்றார் கணக்குப் பார்க்கும் லிம். கிரேன் ஓட்டும் முனியாண்டி அண்ணன் ராகு காலத்தையெல்லாம் அடித்துவிட்டார். கான்வென்டில் படித்த நான் மட்டும் சும்மா இருப்பேனா? மகளுக்குத் தடுப்பூசி போடும் நாளை நீக்கச் சொன்னேன். மிஞ்சியது ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி.

"எல்லாச் சாமியும் சரின்னுட்டாங்க. இனி கப்பல் வராம எங்கம்மா போவும்?" என்றார் முனியாண்டி அண்ணன்.

புதன் காலை

இஸ்திரி போட்ட புடவையில் போய் இறங்கினேன். கடலைக் காணோம்! தண்ணீர் வற்றி, கப்பல் அணையும் கரையோரமெல்லாம் கறுஞ்சேறு. அதில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை என் மேசைக்கு மேலேயே தொங்குகிறது. ஒருவரும் பார்க்கவில்லை.

கம்பெனியிலிருந்து செல்வரத்தினம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், நிறையக் கப்பல் பார்த்தவர். அவரை அலுவலகத்திலேயே நிறுத்திவைக்க லிம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார், நான் வரைபடத்தை விரித்தேன். இரண்டையும் தாண்டி விளிம்புக்கு நடந்துபோய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, என்ர கப்பல் இதில மிதக்கவோ, நடக்கவோ?"

பதில்

என்சிக் கமால் செருமினார். லிம் வானத்தைப் பார்த்தார். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் எனக்குப் பொய் வரவில்லை. "ஐயா, தண்ணி ஏறினா நடுத்தரக் கப்பல் வரும். வத்தினா இப்படித்தான். தூர் வாரி ரொம்பக் காலமாச்சு. வாரினா பெரிய கப்பலும் வரும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எல்லா இடத்திலயும் தண்ணி நிறைஞ்ச நேரம் கூப்பிட்டுக் காட்டுவினம். நீங்கள் சேத்தைக் காட்டிப்போட்டியள். சின்னக் கப்பல் ஒண்டு விட்டுப் பாக்கிறன். நேரத்தை மட்டும் நீர் பாத்துச் சொல்லும், பிள்ளை."

அந்தக் கப்பல் வந்துபோகும்வரை என் கான்ட்ராக்டை நீட்டியிருக்கிறார்கள். அது வரும் நாளில் தண்ணீர் ஏறுவது சரியாக ராகு காலத்தில்தான் என்பதை முனியாண்டி அண்ணனிடம் யார் சொல்வது?