சட்டைப் பித்தானில் பட்டு நூல்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தனகோடி ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருப்பார். குழாயின் மறுமுனை, அவருடைய அறுபத்து மூன்றாம் வருஷத்து ஃபியட் காரின் பெட்ரோல் டேங்குக்குள் கிடக்கும். முதல் வாய் வந்ததும் குழாயைச் சட்டென்று கேனுக்குள் விட்டுவிட்டு, சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்புவார். பிறகு, மாடிப்படியில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும் என்னிடம், "புதுப் பெட்ரோல் சார். ஸ்பிரிட்டு கலந்துகீறான். வாசன வர்தா?" என்பார். மாடியில் குடியிருக்கும் பாங்க் குமாஸ்தா நான். எனக்குப் பற்பசை வாசனைதான் வரும்.

ஆரணியில் பட்டு நெய்கிற கைக்குக் காரில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. யாரோ ஒரு ஜவுளி முதலாளி ஓடாது என்று கழித்துக் கட்டிய வண்டி அது. கயிறு கட்டி இழுத்து வந்து, பத்து வருஷமாக வைத்திருக்கிறார். ஓடுகிறதா என்றால், ஓடுகிறது. எங்கே நிற்கும் என்றுதான் சொல்ல முடியாது.

இறக்கிய பெட்ரோலை, புனலில் வெள்ளைப் பட்டுத்துண்டு கட்டி வடிகட்டுவார். துணியில் தங்கும் துருவை விரலால் தேய்த்துப் பார்த்து, "போன வாரத்துக்கு இந்த வாரம் கம்மி" என்பார். பத்து வருஷமாக அது கம்மியாகிக்கொண்டே வருகிறது. இத்தனை துரு கொட்டிய பிறகும் டேங்க் என்று ஒன்று மிச்சம் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது கார்புரேட்டர். அதற்குள்ளே ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, அதன் நடுவே ஊசித் துவாரம். பெட்ரோல் அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குப் போயாக வேண்டும். ஒரு துணுக்குத் துரு அடைத்தால் போதும், கார் படுத்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எல்லப்பன் ஒருமுறை அந்தத் துவாரத்தில் கம்பியை விட்டுக் குத்திவிட்டார். அன்றிலிருந்து தனகோடி அவர் டீ குடிக்கும் கடையில் டீ குடிப்பதில்லை.

"கம்பி உட்டா ஓட்டை பெருசாயிடும் சார். அப்பால வண்டி பெட்ரோல குடிச்சிகினே இருக்கும். பட்டு நூலுதான் அதுக்கு மருந்து. பித்தளைக்கே வலிக்காது."

இதற்காகவே தறியில் அறுந்த இழைகளைச் சேர்த்துச் சட்டையின் இரண்டாவது பித்தானில் சுற்றி வைத்திருப்பார். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அந்த வாரம் எந்தச் சேலை தறியில் ஓடுகிறதோ அந்த நிறம். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பித்தான் மட்டும் வீங்கியே இருக்கும். பேசும்போது கை தானாக அங்கே போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளும்.

அவர் மனைவி உண்ணாமலை அம்மாளுக்கும் காரைப் பற்றித் தெரியும். "எங்கூட்டு காரு எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. எப்படித் தள்ளணும்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். வேலூரில் கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஜெயவேல், இந்த ஃபியட்டை விலைக்குக் கேட்டு மாதம் ஒரு முறையாவது போன் செய்கிறார். தனகோடி எடுப்பதில்லை. அந்த அம்மாள் எடுத்துப் பேசுவார்.

போன மாதம் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் பானுப்ரியாவுக்கு வளைகாப்பு. பத்தரைக்குள் நல்ல நேரம் முடிகிறது. தாய் வீட்டு வளையலும் ஐந்து வகைச் சாதமும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். வாடகைக் கார் வைக்கலாம் என்றார் அம்மாள். பெண்ணுக்கு நம் வண்டியில் போவதுதான் மரியாதை என்றார் இவர். கடைசியில் அம்மாள் என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்:

"வழியில நின்னுச்சின்னா, நின்ன எடத்துலயே ஜெயவேலுக்குப் போன் போட்டுடுவேன். அப்பறம் பேஜார் பண்ணக் கூடாது."

தனகோடி ஒப்புக்கொண்டார். பயமாகத்தான் இருந்திருக்கும். முந்தின நாளே டேங்கை இரண்டு தரம் வடிகட்டிவிட்டார்.

தள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அம்மாள் கூப்பிட, புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். களம்பூர் வரை கார் ஒழுங்காகத்தான் போனது. தனகோடி மெல்லச் சீட்டியடிக்கக்கூட ஆரம்பித்தார். களம்பூர் தாண்டியதும் இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை இருமாமல் நின்றுவிட்டது. மணி ஒன்பதரை.

இறங்கி பானட்டைத் தூக்கி, ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துவாரத்தில் வெளிச்சம் இல்லை. வாய் வைத்து ஊதினார், அசையவில்லை. கை தானாக இரண்டாவது பித்தானுக்குப் போனது. அங்கே நூல் இல்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது பெட்ரோல் நாறக் கூடாது என்று அம்மாள் அன்று காலை புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். வீங்கிய பித்தானோடு பழைய சட்டை ஆரணியில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் சாவிக்கொத்தில் ஒரு ஊக்கு இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லப்பனுக்கும் எனக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

"வேணாம் சார்" என்றார். "ஜெயவேலே வந்து எடுத்துகினு போவட்டும். ஓட்டைய மட்டும் கெடுக்க மாட்டேன்."

பாவமாக இருந்தது எனக்கு. முன் சீட்டிலிருந்து அம்மாள் இறங்கி வந்தார். கையில் போன். தனகோடி ஜெட்டை வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் போனை என்னிடம் கொடுத்தார். அவர் கட்டியிருந்தது, மகள் கல்யாணத்துக்கென்று தனகோடியே நெய்து கொடுத்த அரக்குப் பட்டுச் சேலை. ஊரெல்லாம் உடுத்த நெய்கிற வீட்டில் அவருக்கு இருப்பது அந்த ஒன்றுதான். முந்தானையை முன்னால் இழுத்து, ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நீளமாக ஒரு இழையை உருவினார். நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, முகத்தை மட்டும் போக வேண்டிய போளூர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அதை அவரிடம் நீட்டினார்.