நான் திருத்திய விண்ணப்பம்

ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில், பென்சிலால், சாய்ந்த எழுத்தில் இருந்தது அந்த ஆங்கில விண்ணப்பம். ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் நிறுவனத்தின் ஸ்டோரைக் கவனித்துவந்த யாழ்ப்பாணத்துக்காரர் அதை என் மேசையில் வைத்து, "பிள்ளை, இதை வடிவா டைப் அடிச்சுத் தாங்கோ" என்றார். அவருக்கு அறுபது நிறைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் விசாவைப் புதுப்பிக்க மேலாளரின் ஒப்புதல் வேண்டும். மகளின் மருத்துவப் படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில், கப்பல் சிப்பந்தியாக, பழுதாகி நின்ற கப்பலோடு லிவர்பூலில் ஐந்து மாதம் தங்கியவர் அவர். வயது பத்தொன்பது. மாலைதோறும் நிலவறை இசைக்கூடங்களில், கிட்டார் இரைச்சலுக்கு நடுவே அவ்வூர் இளைஞர்களிடம் கற்றதே அவருடைய ஆங்கிலம். நல்லதெல்லாம் 'ஃபேப்', மட்டமானதெல்லாம் 'க்ராட்டி'. அந்த இளைஞர்களே கைவிட்டிருக்கக்கூடிய சொற்களை நாற்பது ஆண்டுகளாக அவர் சுமந்துவந்தார். புதுக்கோட்டைக்கார ஓட்டுநருக்கு அது தினசரி வேடிக்கை.

"ஃபேப் அண்ணே, மெஸ் சாம்பார் எப்டி?"

"க்ராட்டி. உன்ர லொறி மாதிரி."

'முழங்கால் க்ராட்டி, வேலை இன்னும் ஃபேப், இரண்டு வருஷம் வைத்திருங்கள்.' விண்ணப்பம் அவ்வளவுதான். துபாய் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆங்கிலேய மேலாளர் அவரைப் பார்த்ததில்லை. மேலாளர் இதைப் படித்துச் சிரிப்பார் என்று அஞ்சினேன். எல்லோருக்கும் அடித்துத்தரும் அதே பணிவான வாசகத்தில், பணியாளர் எண்ணை மேலே இட்டு, மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து அனுப்பினேன். கட்டு முழுவதும் நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது.

கடைசி நாளன்று ஸ்டோரை ஒப்படைக்கும்போது மேலாளர் வந்திருந்தார். தேநீரை ஒரு வாய் அருந்திய நம்மவர் வழக்கம்போல் "ஃபேப்" என்றார். மேலாளர் கோப்பையைக் கீழே வைத்தார். தன் தந்தை லிவர்பூல்காரர், அவர் வாயில் மட்டுமே அச்சொல்லை இப்படிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அரை மணி நேரம் இருவரும் நிலவறைகளைப் பற்றியே பேசினார்கள். பிறகு மேலாளர் என் பக்கம் திரும்பி, இவர் ஏன் நீட்டிப்புக் கேட்கவில்லை என்றார். கேட்டார் என்று ஃபைலிலிருந்த விண்ணப்பத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இது இவர் எழுதியதா?" என்றார். நான் எழுதியது என்றேன்.

உடனே விசா வேலைகளைக் கவனிப்பவரை அழைக்கச் சொன்னார். "கலாஸ், மேடம், முடிஞ்சுபோச்சு" என்றது தொலைபேசி. "காலையிலயே விசாவ கேன்சல் அடிச்சாச்சு." அறுபது கடந்தவருக்குப் புதிய விசா கிடைப்பது அரிது என்பதை அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டிவரை உடன் நடந்தேன். நடந்ததை விளக்கி அவருடைய மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன். அவர் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. அவளுக்கு நானே எழுதுறன்."

குரலில் கோபமில்லை.